மலைச்சரிவில் ஒரு மீட்டர் நீர்

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடி லயங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மலை இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே தெரியவே மறுநாள் ஆனது. போகும் வழியில் பெரியவாரைப் பாலமும் சேதப்பட்டிருந்ததால் மீட்புப் பணி இன்னும் தாமதமானது. அந்த ஒரு நாளில் பெட்டிமுடியில் பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஐந்தில் இரண்டு பங்கு அது. இத்தகைய ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் இரண்டு விளக்கங்கள் காதில் விழும். மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது, மலையால் தாங்க முடியவில்லை என்பது ஒன்று. ஈரம் பட்டதும் பாறைமேல் மண் வழுக்கிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே இயல்பாகத் தோன்றும் விளக்கங்கள்தான். ஆனால் இரண்டும் முதன்மையான காரணத்தைத் தவறவிடுகின்றன. அந்தக் காரணம் பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் ஒரு கணக்குக்குள்ளேயே இருக்கிறது. கணக்கை வழக்கம்போல மனப்பாடமாகப் போடாமல், விசைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டால் அது வெளிப்படும்.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாய்தளத்தின்மேல் ஒரு கட்டை இருக்கிறது. கட்டையின் எடை நேர்க்கீழாக இழுக்கிறது. அந்த எடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பங்கு சரிவின் வழியே கீழே இழுக்கும், மற்றொரு பங்கு தளத்துக்குள் அழுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கட்டை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு விசையைத் தளம் திருப்பிக் கொடுக்கும். அதுதான் செங்குத்து விசை. உராய்வு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பது செங்குத்து விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் ஆகிய பகுதிகளின் தமிழ்ப் பள்ளிகளில் படித்து மேல்நிலைக்குப் போகும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்களில் பலருடைய வீடு நிற்பதே ஒரு சாய்தளத்தின்மேல். எனினும் பாடத்தில் வரும் கட்டைக்கும் வீட்டுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மேட்டுக்கும் உள்ள உறவை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் கனத்துப்போன மண்ணை எடுத்துக்கொள்வோம். கட்டையின் எடையை இரண்டு மடங்காக்கினால் கீழே இழுக்கும் விசை இரண்டு மடங்காகும். தளத்தை அழுத்தும் விசையும் இரண்டு மடங்காகும், ஆகவே உராய்வின் தாங்குதிறனும் இரண்டு மடங்காகும். சமன்பாட்டின் இருபுறமும் எடை அடிபட்டுப் போகிறது. சறுக்கத் தொடங்கும் கோணத்தைத் தீர்மானிப்பது உராய்வுக் குணகம் மட்டுமே. ஆற்றுமணலைக் குவித்தால், ஒரு கூடை மணலானாலும் ஒரு லாரி மணலானாலும் குவியலின் பக்கச்சாய்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது இதனால்தான். பாடநூல் இதைச் சறுக்குக்கோணம் என்கிறது. ஆக, வெறும் உராய்வால் நிற்கும் ஒரு சரிவு, கனம் கூடிய ஒரே காரணத்துக்காகச் சரிந்துவிடாது. எடை கூடுவதில் வேறு தீங்குகள் உண்டு, அவற்றைப் பிறகு பார்க்கலாம். ஆனால் முதல் குற்றவாளி எடையல்ல.

மாணவர்கள் இந்தக் கணக்கில் செய்யும் ஒரு பிழை இங்கே மிகவும் முக்கியமானது. கட்டை அசையாமல் இருக்கும்போதும் உராய்வு விசை என்று குணகம் பெருக்கல் செங்குத்து விசையை எழுதிவிடுகிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் விசை. கீழே இழுப்பது மூன்று டன் என்றால் உராய்வும் மூன்று டன் மட்டுமே தரும், அதன் வரம்பு மூன்றரை டன்னாக இருந்தாலும் சரி, பத்து டன்னாக இருந்தாலும் சரி. இதன் விளைவை மலையில் வைத்து யோசித்துப் பார்க்க வேண்டும். ஏராளமான கையிருப்போடு நிற்கும் சரிவும், வரம்பின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் சரிவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே அசையாமல் நிற்கும். சில இடங்களில் விரிசல் விழும், மரம் சாயும், ஊற்று கலங்கும். அவை தெரிந்தால் உடனே வெளியேற வேண்டும். ஆனால் அவை தெரியவில்லை என்பதாலேயே மலை பத்திரமாக இருக்கிறது என்று பொருளாகாது. நூறு ஆண்டுகளாக அசையாத மேடு என்று சொல்வது, அதன் உராய்வு இதுவரை வரம்பைத் தொடவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. வரம்பு இன்று எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இனி எண்களை வைத்துப் பார்ப்போம். கடினப் பாறைமேல் மூன்று மீட்டர் ஆழத்துக்கு மண் போர்த்திய, 30 டிகிரி சாய்ந்த சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மலைகளுக்கு இது அந்நியமான கணக்கல்ல. மேலிருந்து பார்த்தால் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள மண் தூண் ஒன்றை மட்டும் மனத்தில் பிரித்தெடுத்து, அதன் விசைப்படத்தை வரையலாம். ஈரமண் கன மீட்டருக்கு இரண்டு டன் என்றால் தூணின் எடை 6 டன். சரிவின் வழியே இழுப்பது அதில் பாதி, 3 டன். பாறையை அழுத்துவது 5.2 டன். மண்ணின் உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால் உராய்வின் வரம்பு 3.64 டன். இழுப்பு 3, வரம்பு 3.64. சரிவு நிற்கும், ஐந்தில் ஒரு பங்கு கையிருப்போடு நிற்கும். பாடநூல் இங்கேயே நிறுத்திவிடுகிறது.

மலையில் மழை பெய்கிறது. நீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே பாறை தடுப்பதால் அங்கே தேங்கி, பாறையிலிருந்து மேல்நோக்கி மட்டம் உயர்கிறது. மண்ணின் துளைகளை நிரப்பிய நீருக்கு அழுத்தம் உண்டு, கிணற்றின் அடியில் இருப்பதுபோலவே. இந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் தள்ளும், மண் தூணின் அடியையும் மேல்நோக்கித் தள்ளும். இதுவரை 5.2 டன்னையும் பாறைமேல் தாங்கிக்கொண்டிருந்தவை மண்ணின் பருக்கைகள், பருக்கைக்குப் பருக்கை தொட்டுக்கொண்டு. இப்போது அந்தச் சுமையில் ஒரு பங்கை நீர் எடுத்துக்கொள்கிறது. சுமை பங்கிடப்பட்டது நல்லதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. பருக்கைகளின் தொடுகையில் உராய்வு உண்டு, நின்ற நீருக்கு அது கிடையாது. நீர் சுமையைத் தாங்கும், சறுக்கலைத் தடுக்காது. ஆகவே நீர் தாங்கும் ஒவ்வொரு டன்னும் உராய்வின் கணக்கிலிருந்து கழிக்கப்படும் டன். சமையலறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான, லேசாகச் சாய்ந்த கடப்பாக்கல் மேடையில் கவிழ்த்து வைத்தால் சில நேரம் அது தானாகவே நகர்ந்து போகும். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிந்து டம்ளரை மேல்நோக்கித் தள்ளுகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள ஈரம் காற்றை வெளியே விடாமல் அடைக்கிறது. டம்ளரின் எடையும் மாறவில்லை, மேடையின் சாய்வும் மாறவில்லை. விளிம்பு மேடையை அழுத்தும் விசை குறைந்தது, அவ்வளவே. கொஞ்ச தூரம் போனதும் காற்று கசிந்து டம்ளர் நின்றுவிடும்.

மறுபடியும் நமது சரிவுக்கு வருவோம். பாறைக்குமேல் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்து, சரிவோடு சேர்ந்து ஓடுகிறது என்று வைப்போம். நமது தூணின் அடியை அது மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 0.87 டன். பருக்கைகள் சுமப்பது 5.2 டன்னிலிருந்து 4.33 டன்னாகக் குறைகிறது. உராய்வின் வரம்பு 3.03 டன். கீழே இழுப்பதோ அதே 3 டன். கையிருப்பு ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்டது. மண் முழுதும் நிரம்பினால் நீரின் தள்ளல் 2.6 டன், பருக்கைகளின் சுமை சரிபாதி, உராய்வின் வரம்பு 1.82 டன். 3 டன் இழுப்பை அது தாங்காது. ஒரு மீட்டர் நீர்மட்டம் உயர எவ்வளவு மழை வேண்டும்? ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் காலியாக எஞ்சியிருக்கும் துளைகள் ஐந்தில் ஒரு பங்கு என்றால், 200 மில்லிமீட்டர் மழை உள்ளே இறங்கினால் போதும். பெட்டிமுடியில் ஒரே நாளில் பெய்தது அதைப்போல் மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி மேலே ஓடிப் போயிருந்தாலும், ஏற்கெனவே பருவமழையில் ஊறிய மண்ணுக்கு மிச்சமே அதிகம். பிளஸ் ஒன் கணக்கில் செங்குத்து விசை என்றதும் எடை பெருக்கல் கொசைன் என்று கை தானாக எழுதிவிடுகிறது. அந்தப் பழக்கம்தான் கணக்கில் நீரைக் காணாமல் செய்கிறது. செங்குத்து விசை ஒரு சூத்திரம் அல்ல. தளத்துக்குச் செங்குத்தான திசையில் என்னென்ன விசைகள் உண்டோ அத்தனையையும் எண்ணிய பிறகு எஞ்சும் விடை அது.

இப்படி மண்ணையும் உராய்வையும் சேர்த்துப் பேசுவது பாடத்துக்குப் புறம்பான வலிந்த பொருத்தம் அல்ல என்பதற்கு வரலாறே சான்று. உராய்வு விதிகளோடு பாடநூல்கள் சேர்த்துச் சொல்லும் கூலும் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். கரீபியத் தீவான மார்த்தினிக்கில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு 1772இல் பிரான்ஸ் திரும்பினார். மறு ஆண்டே பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். தடுப்புச் சுவருக்குப் பின்னால் குவித்த மண் எப்போது சரியும், அதைத் தாங்கச் சுவர் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பன அதில் அவர் ஆராய்ந்த கேள்விகள். மண்ணின் உறுதியை அவர் இரண்டாகப் பிரித்தார்: அழுத்தத்தோடு கூடும் உராய்வு, அழுத்தம் இல்லாமலும் இருக்கும் ஒட்டுப்பிடிப்பு. எந்திரங்களின் உராய்வை அளந்து பரிசு பெற்ற அவருடைய புகழ்பெற்ற ஆய்வு அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் உராய்வுக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது தெளிவாக நிலைபெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. பிராகில் பிறந்து, இஸ்தான்புல்லில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே களிமண்ணை அழுத்தி அழுத்தி அளந்த கார்ல் டெர்சாகி 1925இல் வெளியிட்ட நூலோடுதான் மண் இயக்கவியல் என்ற துறையே வேரூன்றியது. மண்ணில் தொடங்கிய விதி பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மரக்கட்டையாக மாறிவிட்டது, மண்ணும் நீரும் வழியில் உதிர்ந்துவிட்டன.

ஈரம் வழுக்கலைத் தருகிறது என்ற விளக்கம் அப்படியானால் பொய்யா? முழுக்கப் பொய் அல்ல. சில களிமண் கனிமங்கள், அபிரகம் போன்ற ஏடு ஏடான கனிமங்கள் ஈரத்தில் உராய்வை இழக்கும். ஆனால் மணலாகவும் சரளையாகவும் இருக்கும் குவார்ட்ஸ் போன்ற கனிமங்களில் நீர் உராய்வுக் குணகத்தைக் குறைப்பதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. வழுக்கல்தான் காரணம் என்றால் முதல் தூறலிலேயே மேடுகள் இறங்கியிருக்க வேண்டும், ஈரமாவதற்கு ஒரு தூறல் போதுமே. நடப்பதோ வேறு. ஜூனில் தொடங்கும் மழையில் மலை நனைந்தபடியே வாரக்கணக்கில் நிற்கிறது. பிறகு ஆகஸ்டில் ஒரு பெருமழையின் உச்சத்தில் சரிகிறது. நனைவதற்கும் நீர்மட்டம் உயர்வதற்கும் உள்ள வேறுபாட்டோடுதான் இந்தக் காலக்கணக்கு ஒத்துப்போகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மலைமண் தளர்ந்த மணல் அல்லவே, அதற்குள் களிமண்ணின் ஒட்டு இருக்கிறது, சோலைக்காட்டு வேர்கள் இருக்கின்றன, தேயிலையின் வேர்கள் இருக்கின்றன, அவையெல்லாம் கணக்கில் எங்கே? நியாயமான கேள்வி. சேர்த்துப் பார்ப்போம். ஒட்டும் வேரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு அரை டன் பிடிப்பைத் தருகின்றன என்று வைத்தால், நமது சரிவு தாங்கும் நீர்மட்டம் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டராக உயர்கிறது. இது சின்ன உதவி அல்ல. பல மழைகளில் சரிவுக்கும் நிலைப்புக்கும் இடையே நிற்பது இதுதான், மரங்களை வெட்டிய சரிவுகள் வேர் மட்கிய சில ஆண்டுகளில் சரிவதும் இதனால்தான். எனினும் மண் முழுதும் நிரம்பிவிட்டால் உராய்வும் பிடிப்பும் சேர்ந்தே 2.4 டன்தான், இழுப்பு 3 டன். வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில்தான் பரவியிருக்கும், சறுக்கல் தளமோ அதற்கும் கீழே பாறையை ஒட்டி அமையும். பெட்டிமுடியில் சரிவு தொடங்கிய இடம் லயங்களுக்கு மேலே வெகுதூரத்தில், காட்டுப் பகுதியில். காடு இருந்தும் இறங்கியது என்பதால் காடு பயனற்றது என்று ஆகாது. காடு உயர்த்தித் தரும் வரம்பையும் தாண்டும் அளவுக்கு ஒரு நாள் மழை இருந்தது என்றுதான் ஆகும். பிடிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதி ஈரமான மண்ணில் துளைநீர் பருக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரமணலில் வீடு கட்டி விளையாட முடிவது இந்த இழுவையால்தான். துளைகள் முழுதும் நிரம்பியதும் இந்த இழுவை அப்படியே மறைந்துவிடும். மழையின் கை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

அதே மழையில் பக்கத்து மேடு ஏன் நின்றது என்று கேட்பவர்கள் உண்டு. 1924 ஜூலையில் பெய்த பெருமழை, மலையாளக் கணக்கில் 99ஆம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் நினைவுகூரப்படுவது, மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில்பாதையையே அழித்துவிட்டது. அப்போதும் சரிந்த மேடுகளுக்குப் பக்கத்தில் சரியாத மேடுகள் இருந்தன. விடை நிலத்தின் வடிவத்தில் இருக்கிறது. முகடாகப் புடைத்த சரிவில் விழும் நீர் இருபுறமும் பிரிந்து போகும். உள்வாங்கிய குழிவுச் சரிவில் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் நீர் வந்து கூடும். அங்கே மண்ணும் தலைமுறைகளாக வந்து சேர்ந்து தடித்திருக்கும். ஓடை பிறக்கும் அந்த மடிப்புகளில் நீர்மட்டம் பெய்த மழையின் அளவைவிட வேகமாக உயரும். கணக்கில் முதன்மையாக மாறுவது ஓர் எண்தான், நீர்மட்டத்தின் உயரம். அந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மேடுகளையும் ஒப்பிட முடியாது.

கோணத்தைப் பற்றிய கணக்கு எனக்கு இன்னும் கவலை தருவது. அதே மண், அதே மூன்று மீட்டர் ஆழம், ஒட்டுப்பிடிப்பு இல்லை என்று கொண்டு சாய்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். 25 டிகிரி சரிவு இரண்டு மீட்டர் நீர்மட்டம் வரை தாங்கும். 30 டிகிரி சரிவு ஒரு மீட்டர் வரை. 35 டிகிரி சரிவு நீரே இல்லாதபோதும் விளிம்பில்தான் நிற்கும். ஐந்து டிகிரிக்கு ஒரு மீட்டர் நீர், அதாவது ஒரு பெருமழை. சாலைக்காக மலையின் அடியை வெட்டும்போது கூட்டுவது இந்தக் கோணத்தைத்தான். மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான தேசிய நெடுஞ்சாலையில், தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு அகலப்படுத்தும் பணியின்போது 2019இலும் 2020இலும் திரும்பத் திரும்பச் சரிந்ததை அந்த வழியில் போனவர்கள் மறக்க மாட்டார்கள். பாலக்காட்டுப் பக்கத்தில் மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடி வழியாக ஆனைக்கட்டிக்குப் போகும் சுரம் பல மழைக்காலங்களில் மண் விழுந்து அடைபட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் நெல்லியாம்பதிக்குப் போகும் சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு மலைமேல் இருந்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். அதே நாட்களில் அடிவாரத்து நெம்மாரா அருகே மண்சரிவில் உயிர்களும் போயின. இவை எல்லாவற்றுக்கும் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வெட்டிய இடத்தில் மலையின் கையிருப்பு மழை வருவதற்கு முன்பே செலவாகிவிட்டிருக்கும் என்கிறேன். வெட்டிய மண்ணைச் சரிவின் மேல்பகுதியிலேயே கொட்டுவதும், மலை ஓடையின் மடிப்பை அடைத்து மேடாக்குவதும் இதே கணக்கின் மற்ற இரண்டு எண்களைக் கெடுக்கின்றன. எடை கூடுவதன் தீங்கு இங்கேதான் வருகிறது. மேலே ஏற்றிய கனம் இழுப்பை உடனே கூட்டுகிறது. நீர் வெளியேற வழியில்லாத களிமண்ணில் அந்தக் கனத்தை முதலில் சுமப்பது பருக்கையல்ல, நீர். உராய்வு அதே வேகத்தில் கூடாது.

இதுவரை பேசியது சரியத் தொடங்கும் கணம். அதற்குப் பிறகு நடப்பதை இரண்டாம் விதி சொல்கிறது. முழுதும் நிரம்பிய நமது சரிவில் இழுப்பு 3 டன், உராய்வு 1.82 டன். மிச்சம் 1.18 டன் விசை 6 டன் நிறையை முடுக்குகிறது. முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, விநாடிக்கு விநாடி ஏறக்குறைய 1.9 மீட்டர். 100 மீட்டர் இறங்கப் பத்து விநாடிதான் ஆகும், அப்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். ஓடத் தெரிந்த எவரும் ஓடித் தப்ப முடியாத வேகம். மேலும் இறங்க இறங்க அது ஓடையின் நீரையும் பாறையையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு, மலையாளத்தில் உருள்பொட்டல் எனப்படும் சேற்றுப் பாய்ச்சலாக மாறும். அடிவாரத்தில் நிலம் தட்டையாகத்தானே இருக்கிறது, அங்கே நின்றுவிடாதா என்ற நம்பிக்கைக்கும் கணக்கு விடை தருகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மண் 10 டிகிரி மட்டுமே சாய்ந்த நிலத்தை அடைகிறது என்று கொள்வோம். நீரழுத்தம் இல்லாத மண்ணாக இருந்தால் 40 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் டம்ளருக்குள் அடைபட்ட காற்றைப்போல நீர் உள்ளேயே அடைபட்டு வருவதால் உராய்வு பாதியாகவே இருக்கும், நிற்பதற்கு 115 மீட்டர் வேண்டும். நீரும் சேறும் கலந்த உண்மையான உருள்பொட்டல் இதைவிட எத்தனையோ மடங்கு தூரம் ஓடும். மலைத் தோட்டங்களில் லயங்களைக் கட்டியவர்கள் தேடியது தட்டையான நிலமும் பக்கத்தில் தண்ணீரும். இரண்டும் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓடைக்கரை. தம் காலடியில் சரிவே இல்லாத இடத்தில் உறங்கியவர்கள், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உராய்வு தோற்றதற்கு உயிரைக் கொடுத்தார்கள். ஆகவே என் வீடு சமதளத்தில்தானே இருக்கிறது என்பது விடையல்ல. வீட்டுக்கு மேலே ஓடை எந்த மடிப்பிலிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எளிய கணக்கை வைத்துக்கொண்டு மலையை அளக்க முடியுமா, மண்ணின் ஆழமும் குணகமும் பத்தடிக்குப் பத்தடி மாறுமே என்ற ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. எந்த மேடு எந்த மணிக்குச் சரியும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, சொல்வதாகக் கூறுபவரை நம்பவும் கூடாது. ஆனால் எதை அளக்க வேண்டும் என்பதை அது ஐயமில்லாமல் சொல்கிறது. மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். இது வெறும் கோட்பாடாக நிற்கவில்லை, மூணாறிலேயே நடந்திருக்கிறது. 2005இல் சரிந்து உயிர்ப்பலி வாங்கிய அந்தோணியார் காலனி மேட்டில் அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தின் ஆய்வாளர்கள் துளைநீர் அழுத்தமானிகளையும், மண்ணின் நகர்வைக் காட்டும் உணரிகளையும் பூமிக்குள் இறக்கி, அவை தரும் அளவுகளைக் கம்பியில்லா வழியில் பெறும் அமைப்பை நிறுவினார்கள். அழுத்தம் ஏறும்போது மேட்டின் கையிருப்பு எவ்வளவு மிச்சம் என்பதை இந்த அளவுகளிலிருந்துதான் கணிக்கிறார்கள். மேற்சொன்ன மண் தூணின் கணக்கு அங்கே ஒவ்வொரு மழைக்கும் கருவிகளின் துணையோடு மீண்டும் மீண்டும் போடப்படுகிறது.

ஒவ்வொரு மேட்டிலும் இத்தகைய கருவிகளை இறக்க முடியாது என்பது உண்மை. மழைமானி வைக்க முடியும். தோட்ட அலுவலகங்களில் காலைதோறும் மழையை அளந்து பதிவேட்டில் எழுதும் பழக்கம் மலைநாட்டில் மிகப் பழையது. அந்த எண் அலுவலகத்துப் பதிவேட்டில் தூங்காமல் லயத்துக்கு வர வேண்டும், பெருமழை நாளில் காலையில் ஒருமுறை என்று இல்லாமல் மணிக்கு மணி வர வேண்டும். இரண்டு நாள் மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டது என்றால் அது என்ன என்று படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். பொய் எச்சரிக்கையாகிவிட்டால் மக்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்களே என்பார்கள். சரியாத மேட்டை விட்டு ஓர் இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தெழுந்தவரிடம், நேற்று நீர்மட்டம் வரம்பைத் தொடாமல் நின்றது, மண் இப்போது பாதி நிரம்பியிருக்கிறது, இனிமேல் முன்பைவிடக் குறைந்த மழையே போதும் என்று காரணத்தோடு சொன்னால் அவர் நம்புவார். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள், பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள். தேர்வுக்கு அவர்கள் போடும் சாய்தளக் கணக்கில் மரக்கட்டையை எடுத்துவிட்டு மூன்று மீட்டர் மண்ணை வைத்து, அடியில் ஒரு மீட்டர் நீரைச் சேர்த்து, செங்குத்து விசையைக் கண்டுபிடிக்கச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் தனி அனுமதி தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடலாம்.